தங்கராசுவுக்கு மூன்றாவது ஊசி

புழுவைத் தொட எனக்குக் கூச்சம் உண்டு. இருபது வருஷம் புழுவோடு பழகியவன் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆனால் உண்மை அதுதான். கையுறை இல்லாமல் ஒருநாளும் தொட்டதில்லை. கையுறை தீர்ந்துபோன நாட்களில் ஆதிலட்சுமிதான் வாளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். "இதுக்குப் போயி பயப்படுறீங்களே சார், ஒங்கள கடிக்கவா போகுது" என்று சிரிப்பார்.

மாஜிஸ்திரேட் ஐயா, வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். எழுதாமல் இருக்கவும் எனக்கு உரிமை உண்டு என்று இரண்டு முறை எடுத்துச் சொன்னீர்கள். அந்தப் பொறுமைக்கு நன்றி. என் பெயர் பழமலைநாதன், வயது நாற்பத்தேழு, சொந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒன்பது வருஷமாக ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். ஆதிலட்சுமி ஏழு வருஷமாக என்னிடம் டெக்னீஷியன். மங்கலம்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கணவர் இல்லை, பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி உண்டு. மைக்ராஸ்கோப்பில் அணு எண்ணுவதில் ஆதிலட்சுமியின் கணக்குத் தப்பி நான் பார்த்ததில்லை. செத்தவர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை.

நிலையம் தொடங்குவதற்கு முன் நான் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது காண்டாமிருக வண்டின் புழு. பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையிலிருந்து வரும் கறுப்புச் சேற்றை வயலோரம் எருவாகக் குவித்து வைத்திருப்பார்கள். கிளறினால் கட்டைவிரல் தடிமனில் சுருண்டு சுருண்டு கிடக்கும். அழுகலில் பிறந்து அழுகலைத் தின்று வளரும் ஜீவன் தான் மட்டும் அழுகாமல் இருப்பது எப்படி? அதை ஊசியால் குத்திவிட்டால் ஒரே நாளில் அதன் உடம்பில் ஒருவகைப் பெப்டைடு ஊறுகிறது. புரதத்தின் சின்னத் துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிருமியின் தோலில் ஓட்டை போட்டு அதைக் கொன்றுவிடும். இது என் கண்டுபிடிப்பு இல்லை, புத்தகத்திலேயே இருக்கிறது. நான் கேட்டது அடுத்த கேள்வி. அந்தப் பெப்டைடு மனித ரத்தத்தின் வெள்ளையணுவை என்ன செய்யும்? கிருமியோடு சண்டை போடும் நம் படையே அதுதானே, அதைத் தட்டி எழுப்புமா?

என் வழிகாட்டி, "மொதல்ல புழுவ ஒழுங்கா எண்ணுங்க பழமலை, மனுஷன அப்புறம் பாக்கலாம்" என்றார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பட்டம் வரவில்லை. வேலையையும் விட்டுவிட்டேன். சிரித்தவர்கள் இன்று ஆளுக்கொரு கல்லூரியில் துறைத்தலைவர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆராய்ச்சியை நிலையத்தின் பின்அறையில் தொடர்ந்தேன். புழுவைப் பீங்கான் கல்வத்தில் போட்டு அரைத்து, உப்புநீரில் கரைத்து வடிகட்ட வேண்டும். நல்ல வடிகட்டிக்கு நம் ஊரில் என்ன குறை? வீட்டில் குடிநீர் வடிகட்டும் பாத்திரத்துக்குள் வெள்ளையாக, உள்ளே பொள்ளலாக ஒரு பீங்கான் குழாய் நிற்கும், கேண்டில் என்பார்கள். பீங்கான் பொம்மைகளோடு அதையும் செய்கிற யூனிட் ஒன்று செராமிக் எஸ்டேட்டில் இருக்கிறது. அங்கே இருபத்திரண்டு வருஷமாகச் சூளை பார்ப்பவர் தங்கராசு. மாதம் ஒருமுறை சர்க்கரை பார்க்க என்னிடம் வருவார். கேட்ட மறுவாரமே நைசான துளையுள்ள கேண்டில் ஒன்றைப் பொறுக்கிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"வாரம் ஒருக்கா குடுத்தனுப்புங்க சார், சூளையில வச்சு எடுத்துத் தரேன். உள்ள எது பூந்திருந்தாலும் வெந்து சாம்பலாயிடும். ஈரத்தோடயே வச்சிருந்தா அழுகிப்புடும்."

நான் கொடுத்தனுப்பவில்லை. நூறு புழுவை அரைத்தால் அரை டம்ளர் சாறு. அதில் பாதியைக் கேண்டிலே குடித்துவிடும். அவ்வளவு அருமையான சரக்கைச் சூளையில் கொடுத்துப் பொசுக்க யாருக்கு மனம் வரும்? கேண்டிலை உப்புநீரில் ஊறப் போட்டு அதையே மூன்று வருஷம் வைத்துக்கொண்டேன்.

சோதனை எளிது. பரிசோதனைக்கு வருகிறவர்களின் மிச்ச ரத்தத்திலிருந்து வெள்ளையணுவைப் பிரித்தெடுத்து, புழுச்சாறு சேர்த்து, மஞ்சள் சாயம் ஒன்று விட வேண்டும். தூங்குகிற அணு வெளுப்பாகவே இருக்கும். விழித்துக்கொண்ட அணுவுக்குள் சாயம் கருநீலமாக மாறிவிடும். நூறு அணுவில் எத்தனை நீலம் என்று எண்ணினால் தீர்ந்தது. வெறும் உப்புநீர் விட்டால் எட்டு. புழுச்சாறு விட்டால் அறுபத்தைந்து, எழுபது. முதல்முறை அந்த நீலத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆதிலட்சுமி எதிர்க்கடையில் எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்து, "ஆமா சார், எழுவது" என்றார். அவ்வளவு சந்தோஷமான நாள் என் வாழ்க்கையில் வேறு இல்லை.

டியூபுக்குள் நடப்பது உடம்புக்குள்ளும் நடக்குமா என்று பார்க்க வேண்டும் அல்லவா? போன வருஷம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் படுத்துக்கிடந்த இருவரை அழைத்து வந்தேன். இருவரையும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அழைத்து வந்தேன், அன்றைக்கு ஆதிலட்சுமிக்கு லீவு. சாப்பாடு வாங்கிக் கொடுத்த பிறகே ஊசி போட்டேன். முதலாமவரை நான் கட்டிப்போடவில்லை, அது என் அனுபவக்குறைவு. ஒரு மணி நேரத்தில் நடுக்கம் எடுத்து, கட்டிலோடு சேர்ந்து ஆடி, நாக்கின் நுனியைத் தானே கடித்துத் துண்டாக்கிவிட்டார். இரண்டாமவருக்கு வாயில் துணியைச் சுருட்டி வைத்து, கை காலை பேண்டேஜ் துணியால் கட்டினேன். அவர் திமிறிக் கட்டை அறுத்தார். மார்பின்மேல் முழங்காலை ஊன்றிப் பிடிக்கவேண்டி வந்தது. விலா எலும்பு இரண்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இருவருக்கும் மணிக்கொரு தடவை ரத்தம் எடுத்தேன். எண்பதுக்கு மேல் நீலம். மறுநாள் விடிந்ததும் முதலாமவரை ஆட்டோவில் கொண்டுபோய் பிளாட்பாரத்துப் பெஞ்சில் நிழலாகப் பார்த்து உட்கார வைத்தேன். இரண்டாமவருக்கும் அப்படியே. இருவரும் அங்கேயே செத்தார்கள், போதையில் என்று ரயில்வே போலீசார் எழுதிவிட்டார்கள். அவர்கள் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, மன்னிக்க வேண்டும்.

இனி தங்கராசு. இந்த வருஷம் மார்ச்சில் சூளைக்கதவை அடைக்கும் சூட்டுக்கல் சரிந்து அவர் இடது கெண்டைக்காலில் விழுந்தது. சர்க்கரை உடம்பு. புண் ஆறவில்லை, பள்ளமாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார்கள். அவர் அங்கிருந்து நேராக என்னிடம் வந்தார்.

"காலு போச்சுன்னா எனக்கு சூளையும் போச்சு சார். ஒக்காந்து திங்கிற சாதம் எனக்கு எறங்காது. ஒங்க புழுத் தண்ணிய ஊத்திப் பாருங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

புண்ணின்மேல் புழுச்சாற்றில் நனைத்த துணியை வைத்துக் கட்டினேன். பதினோரு வாரம். நாற்றம் நின்றது, சீழ் நின்றது, உள்ளங்கை அகலப் புண் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குச் சுருங்கியது. இதை யாரும் மறுக்க முடியாது, நீங்களே அவர் மனைவி கமலத்தைக் கேளுங்கள். அத்தோடு நிறுத்தியிருந்தால் மிச்சமும் ஆறியிருக்கும் என்று நேற்று போலீஸ் அழைத்து வந்த டாக்டர் சொன்னார். ஆறியிருக்கலாம். ஆனால் வெளியே பூசி ஆற்றுவதை மஞ்சளும் வேப்பிலையும்கூடச் செய்யும். நான் நிரூபிக்க வேண்டியது உள்ளே.

முதல் ஊசி ஆகஸ்ட் ஏழாம் தேதி. நடுக்கமும் காய்ச்சலும் வந்தன. தங்கராசு பல் கிடுகிடுக்கச் சிரித்தார். "சூளைய பத்தவச்ச மாதிரி இருக்குது சார், வேல செய்யிது போல." இரண்டாவது ஊசி பதினான்காம் தேதி. இந்த முறை அவரால் சிரிக்க முடியவில்லை. உதடு கறுத்தது, வாந்தியில் ரத்தம் வந்தது, நாடி கைக்குக் கிடைக்கவில்லை. ஆதிலட்சுமி என்னைக் கேட்காமலே குளுக்கோஸ் ஏற்றி, சாயங்காலம் வரை பக்கத்திலேயே நின்று பிழைக்க வைத்தார். நான் ரத்தம் எடுத்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து கட்டு மாற்ற வந்தவர், சும்மா இருக்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். எங்க யூனிட்டுல பொம்மைக்கு மினுக்குப் பூச்சு, அதான் கிளேஸ், புதுசா கலக்குனா, பூசுன பொம்மைங்களோட பூசாத பொம்மை ஒண்ணையும் சூளைக்குள்ள வைப்போம். மொட்டப் பொம்மைன்னு சொல்லுவோம். அதுவும் சேந்து வெடிச்சிதுன்னா கோளாறு கிளேஸ்ல இல்ல, சூளையில. நீங்க அந்த மாதிரி மொட்டையா ஒண்ணு வச்சிப் பாத்தீங்களா?"

பார்த்திருக்கிறேன் என்றேன். வெறும் உப்புநீர், எட்டு. அவர் தலையாட்டினார். கட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஆதிலட்சுமியின் கை மட்டும் நின்றுவிட்டது.

வெறும் உப்புநீரைப் பாட்டிலிலிருந்து நேராக விட்டிருந்தேன். கேண்டிலில் வடித்து விடவில்லை. சூளைக்குள் வைக்காத மொட்டைப் பொம்மை என்று தங்கராசு சொல்லியிருப்பார். அவருக்கு அது தெரியாது, ஆதிலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது.

ஆகஸ்ட் இருபத்தொன்று, வியாழன். மூன்றாவது ஊசிக்கு இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். பன்னிரண்டுக்குக் கரண்ட் போய்விட்டது, அந்த மாதம் தினமும் போய்க்கொண்டிருந்ததே. ஆதிலட்சுமி மைக்ராஸ்கோப்பை ஜன்னலோரம் நகர்த்தி, கண்ணாடியில் வெயிலைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார். இரண்டு ஸ்லைடு வைத்திருந்தார்.

"சார், கொஞ்சம் பொறுமையா கேளுங்க. இது நம்ம பழைய கேண்டில்ல வெறும் உப்புத்தண்ணி ஊத்தி வடிச்சது. புழு ஒரு சொட்டு கெடையாது. அறுவத்திநாலு நீலம். இது தங்கராசு அண்ணங்கிட்ட நேத்து சூளையிலேர்ந்து எடுத்த புது கேண்டில் வாங்கியாந்து புழுச்சாறு வடிச்சது. ஒம்போதுதான் இருக்குது."

நான் பழைய கேண்டிலைக் கையில் எடுத்தேன்.

"கிருமி கேண்டில்ல தங்கி செத்துப்போகுது சார். ஆனா அதோட தோலு தூளாகி ஓட்ட வழியா வந்துடுது. மூணு வருஷத்து அழுக்கு. வெள்ளையணு அதப் பாத்துத்தான் நீலமாவுது. நம்ம புழு அத ஒண்ணுமே பண்ணல. அந்த அழுக்கத்தான் அவருக்கு ரத்தத்துல ஏத்தியிருக்கோம். மூணாவது போட்டா தாங்க மாட்டாரு."

அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. அவருக்கே அழுகை வந்துகொண்டிருந்தது. புண்ணுக்கு வைத்துக் கட்டியது நிஜம்தானே, அதை மட்டும் எழுதலாமே சார், அதுவே பெரிய விஷயமாச்சே என்று ஆறுதல்கூடச் சொன்னார். இருபது வருஷத்தை ஒரு கட்டுத்துணியாக்கி என் கையில் கொடுத்தார். ஊசி போடுவதாகத்தான் இருக்கிறேன் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தார்.

"அப்ப நான் எஸ்டேட்டுக்குப் போயி அவர்கிட்ட சொல்லிட்டு வந்துடுறேன் சார். தெரிஞ்சிக்கிட்டே நான் வாயமூடிக்கிட்டு இருக்க முடியாது, எனக்கும் ஒரு பொண்ணு இருக்குது."

வாசலில் குனிந்து செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தார். கல்வத்தின் குழவி என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று காவலர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர் பையை எடுத்தபோது. இரண்டு கிலோ எடை, முழுக்கப் பீங்கான். பின்னந்தலையில் அடித்தேன். அவர் விழவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்து, "சார்" என்றார், ஏதோ மறந்துவிட்டதை ஞாபகப்படுத்துவதுபோல. இரண்டாவது அடி நெற்றிப்பொட்டில். விழுந்த பிறகு மூன்றாவதும் நான்காவதும் அடித்தேன். அவை தேவைப்பட்டிருக்காது என்று பிறகு தோன்றியது. முகம் அடையாளம் தெரியாமல் போனதற்கு அந்த இரண்டும்தான் காரணம். அவர் மகளை அந்த முகத்தைப் பார்க்க விட்டிருக்க வேண்டாம். அந்த விஷயத்தில் காவலர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

காலைப் பிடித்து இழுத்துப் பின்அறையில் போட்டு, தரையை டெட்டால் போட்டுக் கழுவினேன். அவர் கைபேசி அடித்தது. மகள் வெண்பா. எடுத்து, "அம்மா கைவேலையா இருக்காங்கம்மா, சாயங்காலம் பேசுவாங்க" என்றேன். "சரிங்க அங்கிள், மார்க் ஷீட் குடுத்துட்டாங்கன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

தங்கராசு ஒன்றே முக்காலுக்கே வந்துவிட்டார். சைக்கிளைத் தானே மிதித்துக்கொண்டு வந்ததைப் பெருமையாகச் சொன்னார். கட்டிலில் படுத்ததும் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அந்தம்மா எங்க சார்? அவங்க நின்னா ஒரு தெகிரியம்."

பொண்ணு ஸ்கூலுக்குப் போயிருக்காங்க என்றேன். சரி சார் என்று கையை நீட்டினார். இந்த முறை இரட்டிப்பு அளவு போட்டேன். கையும் காலும் கட்டியிருந்தேன், வாயில் துணி வைத்திருந்தேன். முந்தைய அனுபவம் உதவியது. இருபது நிமிஷத்தில் தொடங்கியது. கட்டில் தரையில் ஒரு முழம் நகர்ந்தது. மூக்கிலும் ஊசி குத்திய துளையிலும் ரத்தம் கசிந்தபடி இருந்தது. கண் என்மேலேயே இருந்தது. மூன்றே காலுக்குத் துணியைத் துப்பிவிட்டு, "ஊசிய எடுத்துருங்க சார்" என்று சொன்னார். ஊசி எப்போதோ எடுத்தாகிவிட்டது என்று அவருக்குச் சொன்னேன். அவர் கேட்கும் நிலையில் இல்லை. நாலரைக்கு அடங்கிவிட்டார். ஆறு மணிக்குக் கமலம் தேடி வந்து கதவைத் தட்டினார். திறந்தது நான்தான். ஓட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆதிலட்சுமி சொன்னதை நான் நம்பவில்லை, என் கண்டுபிடிப்பின்மேல் இருந்த நம்பிக்கையில்தான் மூன்றாவது ஊசியைப் போட்டேன் என்று காவல் நிலையத்தில் சொன்னேன். என் வக்கீலும் அதையே சொல்லச் சொல்கிறார். தங்கராசு விஷயத்தில் அது கொலையாகாமல் சிகிச்சைத் தப்பாகக்கூட நின்றுவிடலாமாம். நீங்கள் நேற்று ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். ஜன்னலோரம் மைக்ராஸ்கோப்பில் மூன்றாவதாக ஒரு ஸ்லைடு இருந்ததே, அதன் ஓரத்தில் ஒன்றரை மணி என்று எழுதியிருந்ததே, அந்த நேரத்தில் ஆதிலட்சுமி உயிரோடு இல்லையே, அது யாருடையது என்று.

என்னுடையது. தரையைக் கழுவி முடித்ததும் செய்தேன். கரண்ட் இல்லை, கட்டிலில் ஆள் இல்லை. என் கையிலேயே ரத்தம் எடுத்து, என் வெள்ளையணுவைப் பிரித்து, பழைய கேண்டிலில் வெறும் உப்புநீரை வடித்து விட்டேன். வெயில் நன்றாக இருந்தது. நிதானமாக எண்ணினேன். அறுபத்தேழு. சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினேன், அறுபத்தேழுதான். ஆதிலட்சுமியின் கணக்கு சரி. இருபது வருஷம் உழைத்து நான் கண்டது மூன்று வருஷத்து அழுக்கு. அதை முழுக்கத் தெரிந்துகொண்டு எழுந்தபோதுதான் வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.

இதைச் சொன்னால் என்னைக் கல்நெஞ்சன் என்பீர்கள். அப்படி இல்லை ஐயா. அந்தக் காலோடு எஸ்டேட்டிலிருந்து அவ்வளவு தூரம் மிதித்து வந்திருந்தார். நம்பி வந்த மனுஷனை வெறுமனே திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.